ஆங் தார்க்கே: சர்தார்களின் சர்தார்

ஆங் தார்க்கே (சுமார் 1907–1981), எவரெஸ்டுக்குத் தெற்கே நேபாளத்தின் கும்புப் பகுதியில் உள்ள குண்டே என்ற சிற்றூரில் பிறந்த ஷெர்ப்பா மலையேற்ற வீரர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பதினான்கு சிகரங்களில் ஒன்றின் உச்சியிலும் அவர் கால் பட்டதில்லை. ஆனால் 1930-களிலும் 1950-களிலும் இமயத்தில் நடந்த பெரிய பயணங்களின் ஆள்பட்டியலைப் புரட்டினால் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். உச்சியைத் தொட்டவர்களை மட்டுமே எண்ணிப் பழகிய மலையேற்ற வரலாறு இவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுகாலம் அடிக்குறிப்பிலேயே விட்டுவைத்தது.

ஏழைக் குடும்பம். நேபாளம் அன்று வெளிநாட்டினருக்குக் கதவைச் சாத்தியிருந்ததால், எவரெஸ்டுக்குப் போகும் குழுக்கள் டார்ஜிலிங்கில் கூடி, திபெத் வழியாக வடக்கிலிருந்து மலையை அணுகின. கூலிக்கு ஆள் எடுப்பதும் டார்ஜிலிங்கில்தான். ஆகவே கும்பு இளைஞர்கள் பலரைப் போல ஆங் தார்க்கேயும் ஊரை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். துங் சுங் பஸ்தி என்ற ஷெர்ப்பாக் குடியிருப்பில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. பிற்காலத்தில் உலகமே அறிந்த டென்சிங் நார்கே, பிழைப்புத் தேடி வந்த புதிதில் அந்த வீட்டில்தான் குடியிருந்தார்.

1931-இல் பால் பவுரின் ஜெர்மன் குழுவோடு கஞ்சன்ஜங்காவுக்குப் போனது முதல் அனுபவம். இரண்டே ஆண்டுகளில், 1933-இன் பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தில், ஏறத்தாழ 8,350 மீட்டர் உயரத்தில் ஆறாம் முகாமுக்குச் சுமை கொண்டு சேர்த்த எட்டு ஷெர்ப்பாக்களில் ஒருவரானார். அதுவரை அவ்வளவு உயரத்தில் எவரும் முகாம் அடித்ததில்லை.

அவரைச் சுமைகூலி என்ற நிலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது 1934-இன் நந்தா தேவிப் பயணம். எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள்; ஆங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்ப்பாக்கள். நூற்றுக்கணக்கான சுமையாட்களோடு படையெடுப்பதுபோல மலைக்குப் போன காலத்தில் இது கிட்டத்தட்டப் பைத்தியக்காரத்தனம். நந்தா தேவியைச் சுற்றி மலைகள் கோட்டைச் சுவராக நிற்கின்றன. உள்ளே நுழைய ரிஷி கங்கை அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றுதான் வழி. ஐம்பது ஆண்டுகளாகப் பலர் முயன்று திரும்பிய அந்த இடுக்கில், செங்குத்துப் பாறைகளில் சுமைகளை ஒவ்வொன்றாகக் கடத்தி, இந்த ஐவரும் முதன்முதலாக உள்வட்டத்துக்குள் கால் வைத்தார்கள்.

அதே ஆண்டு மழைக்காலத்தில் பத்ரிநாத் பக்கமிருந்து கேதார்நாத் பக்கத்துக்கு மலை முகட்டைத் தாண்டினார்கள். இரண்டு கோயில்களிலும் ஒரே நாளில் பூசை செய்த அர்ச்சகர் ஒருவர் இருந்தார் என்று அந்தப் பகுதியில் ஒரு பழங்கதை உண்டு. ஐவர் கண்ட வழியில் அந்த அர்ச்சகர் நடந்திருக்க வாய்ப்பே இல்லை. பனியாற்றிலிருந்து இறங்கியதும் மூங்கில் அடர்ந்த காடு, விடாத மழை, குக்ரிக் கத்தியால் வெட்டி வெட்டித்தான் நகர முடிந்தது. கையிருப்பு உணவு தீர்ந்தபின் மூங்கில் குருத்தே சாப்பாடு, அதற்கும் கரடிகளோடு போட்டி. பயணம் முடிந்தபோது ஷிப்டனுக்கு ஆங் தார்க்கே வேலையாள் அல்ல, தோழர். 1935-இல் எவரெஸ்ட், 1937-இல் கே-2-க்கு வடக்கே ஷக்ஸ்கம் பள்ளத்தாக்கு என்று அடுத்தடுத்து அவரையே அழைத்துப் போனார். 1938-இல் டில்மன் தலைமையில் சென்ற எவரெஸ்ட் குழுவுக்கு ஆங் தார்க்கேதான் சர்தார்.

சர்தார் என்றால் ஷெர்ப்பாக்களின் தலைவர். ஆள் பொறுக்குவது, கூலி பேசுவது, எந்தச் சுமை எந்த முகாமுக்கு என்று பிரிப்பது, பாதி வழியில் சுமையாட்கள் வேலைநிறுத்தம் செய்தால் சமாதானம் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. இத்தனையும் செய்துவிட்டு மேலேயும் ஏற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இந்தக் கணக்குகளையெல்லாம் மனத்திலேயே வைத்து நடத்தினார்.

அவர் வாழ்வில் அதிகம் பேசப்பட்ட நாள் 1950 ஜூன் 2. மொரீஸ் எர்சோக் தலைமையிலான பிரெஞ்சுக் குழு அன்னபூர்ணாவை (8,091 மீட்டர்) ஏறிக்கொண்டிருந்தது. வரைபடம் தவறாக இருந்ததால் மலையைக் கண்டுபிடிக்கவே வாரங்கள் போயின, பருவமழை நெருங்கிவிட்டது. கடைசி முகாமை அடிக்க எர்சோக், குழுவைச் சேர்ந்த லாஷ்னால் ஆகியோருடன் ஆங் தார்க்கேயும் சர்க்கி என்ற ஷெர்ப்பாவும் சென்றனர். கூடாரம் நின்றதும், மறுநாள் தங்களோடு உச்சிக்கு வரும்படி எர்சோக் அழைத்தார். அன்றைய வழக்கத்தில் ஒரு ஷெர்ப்பாவுக்கு எளிதில் கிடைக்காத அழைப்பு. கால்கள் உறையத் தொடங்கிவிட்டன, கீழே போகிறேன் என்று ஆங் தார்க்கே பணிவாக மறுத்துவிட்டார்.

மறுநாள் எர்சோக்கும் லாஷ்னாலும் உச்சியை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஒரு சிகரத்தில் மனிதர் ஏறியது அதுவே முதல்முறை. இறங்கும்போது பனிக்கடி இருவரின் கால்விரல்கள் அனைத்தையும், எர்சோக்கின் கைவிரல்களில் பெரும்பகுதியையும் பறித்தது. நடக்க முடியாத அவர்களை ஷெர்ப்பாக்களும் சுமையாட்களும் வாரக்கணக்கில் முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். முந்தைய நாளின் மறுப்பை, ஆங் தார்க்கே தயங்கிவிட்டார் என்று படிப்பவர்கள் உண்டு. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் தன் கால் சொன்னதைக் கேட்டார் என்பதே பொருத்தமான வாசிப்பு. அடுத்த ஆண்டே அவர் மறுபடி எவரெஸ்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பிரான்ஸ் அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது வழங்கியது, பாரீஸுக்கும் போய்வந்தார்.

நேபாளம் கதவைத் திறந்தபின், 1951-இல் ஷிப்டன் தெற்குப் பக்கமாக எவரெஸ்டுக்கு வழி தேடினார். எட்மண்ட் ஹிலாரி முதன்முதலாக எவரெஸ்ட் பக்கம் வந்தது இந்தக் குழுவில்தான். சர்தார் பழையபடி ஆங் தார்க்கே. இம்முறை வழி அவர் பிறந்த மண்ணின் ஊடாகவே சென்றது. கும்புப் பனியருவியின் மேல்விளிம்புவரை சென்று, அந்தப் பக்கமாக ஏற முடியும் என்று அந்தக் குழு காட்டியது. 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சிக்குப் போனது அதே வழியில். அந்தப் பயணத்தின் சர்தார் டென்சிங்.

டார்ஜிலிங்கில் 1954-இல் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டபோது, அதற்கான பயிற்சிக்காக டென்சிங்கோடு சுவிட்சர்லாந்து சென்ற ஷெர்ப்பாக்களில் அவரும் ஒருவர். 1962-இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகும், மேஜர் ஜான் டயஸ் தலைமையிலான இந்திய எவரெஸ்ட் குழுவுக்குச் சர்தாராகப் போனார். கடைசிக் காலத்தில் நேபாளத்தில் விவசாயம் பார்த்தார், 1981-இல் காலமானார்.

அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கைக் கதை 1954-இல் பாரீஸில் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தது. ஷெர்ப்பா ஒருவரின் தன்வரலாறாக வெளிவந்த ஆரம்பகால நூல்களில் அது ஒன்று. அன்னபூர்ணா பற்றி எர்சோக் எழுதிய நூல் சில ஆண்டுகளிலேயே பல மொழிகளில் உலகைச் சுற்றிவந்தது. ஆங் தார்க்கேயின் நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு 2016-இல்தான் வெளிவந்தது.