தங்கவயலுக்கு வந்த காவிரி

எங்கள் பேத்தமங்களாவில் பாலாறு ஏரியாகத் தேங்கி நிற்கும். கோலார் தங்கவயலின் தாகம் தீர்த்தது அந்தத் தண்ணீர்தான். ஆனால் தங்கவயலை இயக்கியது வேறொரு ஆறு. காவிரி!

சுரங்கம் ஆழமாக ஆக, ஊற்றுநீரை இறைக்கவும், ஆட்களை ஏற்றி இறக்கவும், கல்லை நொறுக்கவும் ஏகப்பட்ட சக்தி வேண்டியிருந்தது. நீராவி எஞ்சின்களுக்கு நிலக்கரியும் விறகும் கட்டுப்படியாகவில்லை. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் துணிந்து, சிவசமுத்திரம் அருவியில் மின்நிலையம் கட்ட ஏற்பாடு செய்தார். பொறுப்பேற்ற எஞ்சினியர் ஜோலி டி லோட்பினியர். சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிதான் வாடிக்கையாளர். வாங்க ஆள் உறுதியானதும் முதலீடு! வங்கியில் கடன் மனுக்களைப் பார்க்கும் எனக்கு இது இன்றும் நல்ல பாடம்.

1902 ஜூன் மாதம் மின்சாரம் வந்தது. சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர் தெருவிளக்குகள் எரிந்தது 1905-இல்தான். திவான் இதைப் பார்க்கவில்லை, 1901-லேயே காலமாகிவிட்டார்.

கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் குறையும். 1911-இல் விஸ்வேஸ்வரய்யா கண்ணம்பாடி அணையை ஆரம்பித்ததற்கு, பாசனத்தோடு இந்தக் கவலையும் ஒரு காரணம். காவிரித் தகராறு பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்து விடுகிறோம். சிவசமுத்திரத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர்தான் கீழே மேட்டூருக்கு வருகிறது.

பின்னாளில் விரிவாக்கியும் நிலையத்தின் திறன் 42 மெகாவாட்தான். இன்றைய அனல்நிலையத்தில் ஒரே யூனிட் 500 மெகாவாட் இருக்கும். நாள் முழுக்க முழுவீச்சில் ஓடினால் சுமார் 10 லட்சம் யூனிட் கிடைக்கும், அதுவும் தண்ணீர் இருந்தால்!

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. இறைக்கும் பம்புகள் நின்றன, குழிகளில் தண்ணீர் ஏறியது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் ஜனங்கள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள், சிலர் கடல் தாண்டினோம்.

வாடிக்கையாளர் போய்விட்டார், கடை மட்டும் திறந்திருக்கிறது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தங்கவயல் என்றால் சினிமாப் பெயர். ஊருக்குப் போகும்போது அவர்களைச் சிவசமுத்திரத்துக்கும் கூட்டிப் போங்கள். தாத்தா பாட்டன் சுரங்கத்தில் இறங்கி ஏறியது அந்த அருவியின் பலத்தில்தான் என்று சொல்லுங்கள்.