கை ஒழியாதவர்களின் கேமரா

1893-ல் ஆஸ்லோ நகருக்கு கிறிஸ்டியானியா என்று பெயர். அந்த ஊரின் கார்ல் யோஹான் வீதியில் கார்ல் ஸ்டோர்மர் என்றொரு மாணவர் எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே நடப்பார். அவர்களும் பதிலுக்குத் தொப்பியைத் தூக்கிச் சிரிப்பார்கள். அந்த நொடியில் பைக்குள் இருக்கும் அவருடைய கை ஒரு கயிற்றை இழுக்கும். படம் விழுந்துவிடும். நாடகாசிரியர் இப்சனும் இப்படி மாட்டியவர்தான்.

ஸ்டோர்மரின் மார்பில் இருந்தது, பெர்லினில் ஸ்டிர்ன் என்பவர் 1886 முதல் விற்றுவந்த கேமரா. தட்டையான உலோக வட்டு அது. கழுத்தில் மாட்டி உள்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டால், லென்ஸ் மட்டும் பித்தான் துளை வழியாக எட்டிப் பார்க்கும். உள்ளே ஒரு வட்டக் கண்ணாடித் தகடு. இட்லித் தட்டில் குழிகள் இருப்பதுபோல அதில் சுற்றிலும் ஆறு படங்கள் விழும். ஒன்று எடுத்ததும் தகட்டைத் திருகி அடுத்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆறும் தீர்ந்துவிட்டால் தகடு மாற்ற வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அப்படியும் சுமார் 500 படங்கள் சேர்த்துவிட்டார் மனிதர். பிற்பாடு கணிதப் பேராசிரியராகி, துருவ ஒளி பற்றிய ஆராய்ச்சியில் உலகப் பெயர் எடுத்தார்.

அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். தோளில் பானாசோனிக் எம்-9000, பின்னால் சன் கன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன், அவனுக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டு இன்னொருவன். இந்த ஊர்வலம் பந்திக்குள் நுழைந்ததும் வாய்க்குப் போன கை பாதி வழியில் நின்றுவிடும். பெரியவர்கள் துண்டைச் சரிசெய்வார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு பந்தி முழுக்கச் சாப்பிடாத மனிதர்களையே பதிவு செய்து கொடுத்திருக்கிறோம். ஸ்டோர்மரின் படங்களில் இந்த விறைப்பு இல்லை. அதில் இருப்பவர்கள் பார்ப்பது கேமராவை அல்ல, தெரிந்த ஒரு பையனை.

உடம்பில் மாட்டும் கேமராவின் வரலாற்றைப் புரட்டினால், படமெடுப்பதே பிழைப்பான என்னைப் போன்றவர்கள் அதில் அநேகமாகத் தென்படுவதில்லை. வேறு ஏதோ வேலையில் மும்முரமாக இருந்தவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சமாக இதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

யூலியஸ் நொய்ப்ரோனரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள குரோன்பெர்க்கில் மருந்துக்கடை வைத்திருந்தவர். அவசர மருந்துகளைப் புறா மூலம் அனுப்பி வாங்குவது குடும்ப வழக்கம். ஒருமுறை ஒரு புறா பனிமூட்டத்தில் வழிதவறி, நாலு வாரம் கழித்து நன்றாகத் தின்று கொழுத்துத் திரும்பி வந்தது. இத்தனை நாள் இது எங்கே போயிருக்கும் என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அலுமினியச் சட்டமும் வாரும் பூட்டி, அதிகபட்சம் 75 கிராம் எடையில் ஒரு சின்னக் கேமராவைப் புறாவின் மார்பில் கட்டினார். பறக்கிற புறாவுக்குப் பொத்தானை யார் அழுத்துவது? ஒரு ரப்பர் குமிழில் காற்றை அடைத்துவிட்டார். காற்று மெல்லக் கசிந்து முடிந்ததும் ஷட்டர் தானாகத் திறந்து மூடும்.

1907-ல் காப்புரிமை கேட்டபோது, புறாவால் இவ்வளவு சுமக்க முடியாது என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். படங்களைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் 1908 டிசம்பரில் உரிமை கிடைத்தது. 1909-ல் டிரெஸ்டன் கண்காட்சியில் புறா எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. ஒரு படத்தில் அரண்மனையின் இரு பக்கமும் புறாவின் சிறகு நுனிகள் விழுந்திருக்கின்றன. படம் எடுத்தவரே ஓரத்தில் தெரிவது இந்த வகைக் கேமராவின் கூடப் பிறந்த குணம். இன்றைக்கு பைக்கில் போகிற பையன்களின் வீடியோவில் கைப்பிடியும் கையுறையும் தெரிகிறதே, அதே குணம்தான். ராணுவம் புறாவைப் பரிசோதித்துப் பார்த்தது. ஆனால் விமானம் முந்திக்கொண்டது.

அடுத்து ஜார்ஜ் கிரீனோ. இவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். கலிபோர்னியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன அலைச்சறுக்கு வீரர். மற்றவர்கள் பலகையில் நின்று சறுக்குவார்கள், இவர் முழங்காலிட்டுச் சறுக்குவார். அலை சுருண்டு விழும்போது உள்ளே ஒரு குகை உண்டாகுமே, அதற்குள் இருந்தவனுக்குத் தெரிவதைக் கரையில் இருப்பவனுக்கும் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. 16 மி.மீ. சினிமா கேமராவுக்குத் தண்ணீர் புகாத கூடு ஒன்றைத் தானே செய்து முதுகில் கட்டிக்கொண்டார். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவுக்கு மேல். அதோடு கடலில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேமராவைத் தோளில் சுமந்த எனக்கு அந்த எடை தெரியும். ஆனால் என் காலடியில் மண்டபத் தரையாவது இருந்தது. அவர் எடுத்த காட்சிகள் 1973-ல் வெளியான ‘கிரிஸ்டல் வாயேஜர்’ படத்தில் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘எக்கோஸ்’ இசையோடு ஓடின. காட்சிகளைத் தங்கள் கச்சேரி மேடையில் காட்டிக்கொள்வதற்குப் பதிலாக அந்தக் குழு இசையைக் கொடுத்தது. பணம் கைமாறாத பண்டமாற்று.

வானத்திலிருந்து குதிப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கார்ல் போனிஷ் தலைக்கவசத்தில் சினிமா கேமராவைப் பொருத்திக்கொண்டு குதித்தவர். 1978-ல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து நண்பர்கள் குதித்ததைப் படமாக்கினார். 1984-ல் நார்வேயில் ஒரு மலைமுகட்டிலிருந்து குதித்து இறந்தார்.

ஆக, கோப்ரோ கேமராவை உருவாக்கிய நிக் உட்மன் வந்தபோது யோசனை பழையது. 2002-ல் அவர் ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவிலும் அலைச்சறுக்குக்காகச் சுற்றினார். அலைமேல் இருக்கும்போது படமெடுக்க, கேமராவை மணிக்கட்டில் கட்டும் ஒரு வார் செய்தால் போதும் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். பாலித் தீவின் சோழி பெல்ட்டுகளை வண்டியில் வைத்து விற்று முதல் சேர்த்தார். அம்மாவின் தையல் மிஷினில் வார் தைத்துப் பார்த்தார். வார் தேறியது, கேமராதான் தேறவில்லை. அதனால் கேமராவையும் சேர்த்தே விற்க வேண்டியதாயிற்று. 2004-ல் வந்த முதல் கோப்ரோ ஒரு 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. இதைச் சொன்னால் இன்றைய பையன்கள் நம்புவதில்லை. 2006-ல் வந்த டிஜிட்டல் வகை பத்து விநாடி ஊமைப் படம் எடுக்கும். 2009-ல் எச்.டி. வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

என்னிடம் தொழில் பழகிய ஒரு பையன் அண்மையில் ஒரு கல்யாணத்தில், பரிமாறுகிறவரின் மார்பில் இந்தக் கேமராவைக் கட்டிவிட்டான். கல்யாண வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, பந்தியிலும் சொல்லிவிட்டுத்தான். எடுத்ததைப் போட்டுக் காட்டினான். சட்டத்தின் அடியில் சாம்பார் வாளியின் விளிம்பு, ஆடும் கரண்டி. அதற்குமேல் வரிசையாக அண்ணாந்து பார்க்கும் முகங்கள். ஒருவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்கிறார், கண் இன்னும் வாளியில்தான் இருக்கிறது. ஒரு பாட்டி பக்கத்துப் பேரன் இலையைக் காட்டி, “அவனுக்கு ஊத்துப்பா” என்கிறார். ரசம் வந்தபோது லென்ஸில் ஆவி படிந்து எல்லாம் மங்கிப்போனது. அந்த இடத்தை வெட்டப் போனவனை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வந்திருந்தவர்கள் நிஜமாகவே சாப்பிடுகிறார்கள். நான் ஒருநாளும் எடுக்காத பந்தி அது.

இந்த வேலையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர்கள் லூசியன் காஸ்டைங்-டெய்லரும் வெரேனா பராவெலும். அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்திலிருந்து கிளம்பும் மீன்பிடிக் கப்பலில் போய், 2012-ல் ‘லெவியத்தன்’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். சின்னக் கேமராக்களை மீனவர்கள் உடம்பில் கட்டினார்கள். கழியில் பொருத்திக் கடலுக்குள் முக்கினார்கள். தளத்தில் துடிக்கும் மீன்களோடு மீனாகப் போட்டார்கள். வர்ணனை கிடையாது, பேட்டி கிடையாது. எங்கே வானம், எங்கே தண்ணீர் என்றே பல இடங்களில் பிடிபடாது. கடற்புறாக்கள் தலைகீழாகப் பறக்கும். சாகச வீடியோக்களில் எனக்குச் சலிப்புத் தட்டுவது, எடுத்தவரே அதில் நாயகன் ஆகிவிடுவதால். இந்தப் படத்தில் நாயகன் என்று யாரும் கிடையாது. வலை இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, தூக்கம் கெட்ட மனிதர்கள் இருக்கிறார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் பெரிய திரையில் பாருங்கள். ஆனால் முன்வரிசையில் உட்கார வேண்டாம், தலை சுற்றும்.