பைபோலார் டிஸார்டர்: ‘இப்போ நல்லாத்தானே இருக்கு’ என்ற நாட்களில்தான் கவனம் தேவை... ஏன்?

காலையில் சிரித்துவிட்டு மாலையில் எரிந்து விழுந்தால், ‘அவனுக்கு பைபோலார்’ என்று கிண்டல் செய்வது இப்போது சகஜமாகிவிட்டது. உண்மையான பைபோலார் டிஸார்டர் இப்படி மணிக்கு மணி மாறுவதில்லை. நாட்கணக்கில், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மனநிலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் நோய் இது. தமிழில் இருமுனையக் கோளாறு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ல் உலகம் முழுக்க சுமார் 4 கோடி பேர் இந்த நோயுடன் வாழ்ந்தனர்.

அந்த இரண்டு முனைகள் எவை?

ஒன்று, மேனியா எனப்படும் மன எழுச்சி. 3 மணி நேரம் தூங்கினாலும் சோர்வே தெரியாது. பேச்சு நிற்காது. ‘என்னால முடியாதது எதுவுமே இல்லை’ என்ற நினைப்பு வரும். கடன் வாங்கிச் செலவு செய்வது, திடீரென வேலையை விடுவது, சின்ன விஷயத்துக்கும் சண்டைக்குப் போவது எல்லாம் நடக்கும். இந்த நிலை பொதுவாக ஒரு வாரமாவது நீடிக்கும். இதே அறிகுறிகள் லேசாக, குறைந்தது 4 நாட்கள் இருந்தால் அது ஹைப்போமேனியா.

இன்னொன்று, மனச்சோர்வு. குறைந்தது 2 வாரம் எதிலும் ஆர்வம் இருக்காது. குளிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற எண்ணம் வரலாம்.

கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது?

பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ இந்த நோய் தொடங்குகிறது. லேசான எழுச்சி நாட்களில் வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. ‘பையன் இப்போதான் சுறுசுறுப்பா இருக்கான்’ என்று சந்தோஷப்படுவார்கள். சோர்வு வந்த பிறகுதான் டாக்டரிடம் போவார்கள். அப்போது பழைய எழுச்சி நாட்களைச் சொல்லாமல் விட்டால், சாதாரண மனச்சோர்வு என்றே சிகிச்சை தொடங்கலாம். பைபோலார் உள்ள சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அது மேனியாவைத் தூண்டிவிடும் ஆபத்து உண்டு.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ பைபோலாரை உறுதி செய்யாது. தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இருக்கிறதா என்று பார்க்கவே டெஸ்ட் எடுப்பார்கள். அதனால் நீங்கள் சொல்லும் விவரம்தான் முக்கியம்.

• தூக்கம் குறைந்தும் தெம்பாக இருந்த நாட்கள் எப்போது, எத்தனை நாள்?
• அந்த நாட்களில் பணம், வேலை, சண்டை என்று ஏதாவது நடந்ததா?
• குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?
• மது, கஞ்சா பழக்கம் உண்டா?

எழுச்சியில் இருப்பவருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போகலாம். கூட இருப்பவர் ஒருவர் உடன் போவது நல்லது.

சிகிச்சை என்ன?

லித்தியம் இன்றும் முக்கியமான மருந்து. மேனியாவுக்கு அது பலன் தருவதை 1949ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் வெளியிட்டார். வால்ப்ரோயேட், குவெட்டியாபைன் போன்ற மருந்துகளும் உண்டு. கவுன்சிலிங், நேரத்துக்குத் தூங்குவது இரண்டும் உதவும். ஆனால் அவை மாத்திரைக்கு மாற்று ஆகாது.

லித்தியம் சாப்பிடுபவர்கள் டாக்டர் சொன்ன இடைவெளியில் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். கோடை வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ அந்த அளவு ஏறிவிடும். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடக்கூடாது. வாந்தி, கை நடுக்கம் அதிகமாவது, தள்ளாட்டம், குழறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்கள் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். சில மாதம் நன்றாக இருந்ததும், ‘சரியாகிடுச்சே, இன்னும் எதுக்கு?’ என்று நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மறைப்பதற்காக நிறுத்துபவர்களும் உண்டு. நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்; தற்கொலை ஆபத்தும் கூடும். உடல் எடை, தூக்கக் கலக்கம் போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். அந்த முடிவு டாக்டருடையதாக இருக்கட்டும்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கிடைக்க வேண்டும்.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணத்தை யாராவது வெளிப்படையாகச் சொன்னால் அவரைத் தனியாக விட வேண்டாம். கையிருப்பு மாத்திரைகளை அவருக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உடனே 108ஐ அழையுங்கள்.