பள்ளியும் பல்லியவும்

பதுளை நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தருகே இறங்க வேண்டிய சிங்களப் பயணி, பஸ் நடத்துனரிடம் ‘பல்லிய லங்க’ என்பார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் என்று பொருள். அதே பஸ்ஸில் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மடுல்சீமையிலிருந்து வரும் தமிழ்க் கிறிஸ்தவர் அந்தக் கட்டடத்தைக் கோயில் என்பார், சேர்ச் என்பார். பள்ளி என்று மட்டும் சொல்லமாட்டார். அவருக்குப் பள்ளி பிள்ளைகள் படிக்கிற இடம், அல்லது முஸ்லிம்கள் தொழுகிற இடம். ஆனால் சிங்களவரின் ‘பல்லிய’ நம்மிடமிருந்து போன பள்ளிதான்.

மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே தமிழ் பிராமியில் வெட்டிய கல்வெட்டில் இச்சொல் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆள் ஒருவன் சமண முனிவருக்காகச் செய்வித்த உறைவிடத்துக்கு அங்கே அதுதான் பெயர். குகைத் தரையில் செதுக்கிய கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். பள்ளியறையிலும் பள்ளியெழுச்சியிலும் உள்ள படுக்கைப் பொருள் கல்லிலேயே கிடக்கிறது. துறவிகள் தங்கிய இடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படித்தான் பள்ளிக்கூடம் வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து; எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சோழர் காலத்தில் பள்ளி என்றால் பெரும்பாலும் சமண, பௌத்தக் கோயில். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கான மானியமாக, விட்டான். திருகோணமலைக்கு அருகே வெல்கம் விகாரைக்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்றே பெயர். அங்கே விளக்கெரிக்கப் பசுக்களைக் கொடுத்தவர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் நிற்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கும் இச்சொல் அந்நியமாக இருக்கவில்லை. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் எழுதிக்கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. தரிசாப்பள்ளி ஒரு கிறிஸ்தவ ஆலயம். மலையாளத்தில் இன்றுவரை கிறிஸ்தவரின் கோயிலும் பள்ளி, முஸ்லிம்களின் தொழுகையிடமும் பள்ளி. சிங்களத்திலும் அப்படியே.

ஆனால் தமிழ்ப் புரொட்டஸ்தாந்தினர் பள்ளியை விட்டுவிட்டு, கூட்டத்துக்குச் சபை என்றும் கட்டடத்துக்கு ஆலயம் என்றும் பெயரிட்டார்கள். அந்தச் சொற்கள்தான் திருநெல்வேலியிலிருந்து கண்டிச் சீமை என்ற இலங்கை மலைத்தோட்டங்களுக்கு வந்தன. 1854இல் சர்ச் மிஷனரிச் சங்கத்தாரும் தோட்டத் துரைமார் சிலரும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் காசு; அதையே ஆளுக்குப் பெயராக்கிய அந்தத் தலைப்பை வாசிக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. செலவுக்குத் துரைமார் சந்தா. உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த செப்டிமஸ் ஹாப்ஸும் திருநெல்வேலியில் ஊழியம் செய்தவர்.

அந்தக் கோப்பித் தோட்டங்களுள் மடுல்சீமைக்கு ஒரு துயரமான முதலிடம் உண்டு. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத் துருநோயை 1869இல் முதன்முதலில் கண்டது இங்குள்ள கல்லூல தோட்டத்தில். இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படியும் நோய். இருபது ஆண்டுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. வேலை முடங்கிய தோட்டத்திலிருந்து சனம் கிளம்பியது. சபையும் அதோடு கலைந்தது. இன்றிருந்து நாளை போகிறவர்களுக்குக் கல்லால் கோயில் கட்ட யார் முன்வருவார்? பதுளை மாற்கு ஆலயமோ, 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற அரசாங்க அதிபரின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்றவர் அவர். ஓர் அதிகாரிக்கு ஓர் ஆலயம் கிடைத்தது. தோட்டத்துச் சபைக்கு வாய்த்தது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கொட்டகைதான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவது துரையின் பொறுப்பு என்று 1907இன் சட்டம் சொன்னது. தகரக் கூரை, ஓர் அறை, ஒரே வாத்தியார். கிறிஸ்தவர்கள் இருந்த தோட்டங்களில் அவரே பலவேளை உபதேசியார். சனிக்கிழமை மாலை வாங்குகளைத் திருப்பிப் போடுவார்கள். வாய்ப்பாடு எழுதிய கரும்பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வாத்தியார் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துச் சிலுவையை வைப்பார்கள். மறுநாள் அரைப்பேருக்கு, அதாவது அரைநாள் வேலைக்கு, போனவர்கள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை கீர்த்தனை பாடிக்கொண்டிருப்பார்கள். எழுத்தும் ஜெபமும் ஒரே கூரைக்குள். மாங்குளத்து முனிவருக்குத் தெரிந்த பள்ளி இதுதான். சபை, ஆலயம் என்று வாயால் சொல்லிக்கொண்டே நம் சனம் பழைய பள்ளியை மறுபடி உண்டாக்கிவிட்டது.

பிறகு 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் லயம் லயமாகக் குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. பள்ளிக்கூடங்களும் படிப்படியாக அரசின் கைக்குப் போயின. அது வேண்டியதுதான், தோட்டப் பிள்ளைக்கு நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குள்ள படிப்புக் கிடைக்க வேறு வழி இருக்கவில்லை. ஆனால் வாத்தியாரும் உபதேசியாரும் வேறு வேறு ஆட்களானார்கள். பள்ளிக்கூட வாசலில் இப்போது ‘தமிழ் வித்தியாலயம்’ என்று பலகை தொங்குகிறது. கோயில் வாசலிலும் பள்ளி என்ற சொல் இல்லை.

சபை வரலாறு எழுதுகிறவர்கள் ஆலயம் கட்டிய ஆண்டையும் போதகர்களின் பெயர்ப் பட்டியலையும் வைத்துத் தொடங்குகிறார்கள். அப்படித் தேடினால் மடுல்சீமைத் தோட்டத்துச் சபைகள் பல அகப்படவே மாட்டா. பழைய பள்ளிக்கூடங்களின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களையும் வரவுப் பதிவேடுகளையும் கரையானுக்கு முன் நாம் எடுத்துப் பார்க்க வேண்டும். கிழமை நாளில் அவற்றில் கையெழுத்திட்டவர்தான் பல தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்தவர்.