பனச்சமூடு வட்டாரத்து மூன்று சொற்கள்

நெய்யாற்றின்கரை வட்டத்தில் வெள்ளறடையை அடுத்த பனச்சமூடு, கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் சிற்றூர். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்த எல்லைக்கோட்டைக் கொண்டு இவ்வட்டாரத்துப் பழஞ்சான்றுகளைத் தமிழென்றும் மலையாளமென்றும் பங்கிடுவோர் சொற்பொருளில் இடறுகின்றனர்.

ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. இதன் முற்பகுதி பனையன்று. மலையாளத்தில் பனச்சி எனவும் தமிழில் பனிச்சை எனவும் வழங்கும் மரம். மூடு என்பது மரத்தின் அடி. திருவனந்தபுரத்தில் புளிமூடும் பிளாமூடும் உள்ளன. முப்பந்தலில் ஆலமூடு உள்ளது. இவ்வழக்கு எல்லையை மதிப்பதில்லை.

தெற்கே முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் நிறுவினான். அதனைக் கூறும் செப்பேடு கலியுக நாள் 14,49,087 எனக் கணக்கிடுகிறது, அது கி.பி. 866. காந்தளூர்ச் சாலையின் நெறிப்படி 95 சட்டர்க்கு இடமளிக்கப்பட்டது: பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரீயர்க்கு 36, தலவகாரர்க்கு 14. சட்டர் என்போர் மாணாக்கர். ஆகவே இங்குச் சாலை என்பது உண்டியும் உறையுளும் தந்து கற்பித்த நிறுவனம். சாலையை இன்றைய வழக்கின்படி வழி எனப் பெயர்ப்பவர் ஒரு கல்லூரியையே அழித்துவிடுகிறார். இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்த’ செயலில் கலம் மரக்கலமா, உண்கலமா என்னும் நெடிய வழக்கும் இச்சொல்லைச் சுற்றியே எழுந்தது. கடற்போர் எனத் துணிவதற்கு முன் இச்செப்பேட்டைப் படித்தல் நன்று.

பனச்சமூட்டிற்குத் தென்கிழக்கே, சிதறால் ஊரின் திருச்சாரணத்து மலையில் சமணர் குகையும் தீர்த்தங்கரர் புடைப்புருவங்களும் உள்ளன. பிற்காலத்தில் அது பகவதி கோயிலாயிற்று. விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாரான குணந்தாங்கிக் குரத்திகள் அங்குப் படாரியார்க்குப் பொன்னணி அளித்தார் என்கிறது வட்டெழுத்துக் கல்வெட்டு. குரத்தி என்பது குரவன் என்பதன் பெண்பால். ஆசிரியை என்பது பொருள். குறியிடாத உரோமன் எழுத்தில் இடையின ரகரமும் வல்லின றகரமும் ஒன்றாகிவிட, சமண ஆசிரியை குறிஞ்சிநிலக் குறத்தியாகிவிடக் கூடும். துறவி எனப் பெயர்ப்பதும் குறையே. அவர் துறந்தவர் என்பது விளங்கும், கற்பித்தவர் என்பது மறையும்.