வாசலுக்கு மேல் ஒரு துப்பாக்கி

ஓர் அறையின் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. வெகு நாட்களுக்கு முன்பு அதை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து அது என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

அறையின் நடுவே கூரையிலிருந்து ஒரு விளக்கு தொங்குகிறது. சற்று உற்றுப் பார்த்தால் அது கடையில் வாங்கிய விளக்கு அல்ல என்று தெரியும். அது ஆகாய விமானத்தின் எஞ்சின். நட்சத்திரம் போல் நாலா பக்கமும் நீண்டிருக்கும் அதன் சிலிண்டர்களின் நுனியில் மின்சார பல்புகளைப் பொருத்தி மாட்டியிருக்கிறார்கள். சுவரில் சாமி படமோ குடும்பப் படமோ இருக்க வேண்டிய இடத்தில் துணித் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய எண்கள். சுட்டு வீழ்த்திய பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து அறுத்து எடுத்த எண்கள் அவை.

அறைக்குச் சொந்தக்காரர் மான்பிரட் வான் ரிக்தோபென். முதல் உலக மகாயுத்தத்தில் 80 விமானங்களை வீழ்த்தியவர் என்று ஜெர்மானியர்கள் கணக்கு வைத்திருந்த விமானி. தம்முடைய விமானத்துக்குச் சிவப்பு வர்ணம் பூசியதால் 'சிவப்புப் பிரபு' என்று உலகமெல்லாம் பெயர் பெற்றவர். சைலீஷியா மாகாணத்தில் ஷ்வைட்னிட்ஸ் என்ற ஊரில் அவருடைய குடும்ப வீடு இருந்தது.

இவ்வளவு சாமான்களிலும் அவர் தனிப் பெருமையோடு வைத்திருந்தது ஓர் இயந்திரத் துப்பாக்கி. மண்ணைத் தோண்டி அதை எடுத்து வந்து தம் இருப்பிடத்தின் வாசலுக்கு மேலே மாட்டியிருப்பதாக, 1917-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தத் துப்பாக்கி யாருடையது? அந்த மனிதரின் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லானோ ஜார்ஜ் ஹாக்கர் 1890-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த லாங்பாரிஷ் கிராமத்தில் பிறந்தார். ராணுவப் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, 1913-ல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ரைட் சகோதரர்கள் முதன் முதலாகப் பறந்து அப்போது பத்து வருஷம் கூடப் பூர்த்தியாகவில்லை. மூங்கில் கூடையைப் போல் மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய வண்டிகள்தான் அன்றைய விமானங்கள்.

ஹாக்கர் இயல்பிலேயே ஒரு தச்சுப் புத்திக்காரர். எதைப் பார்த்தாலும் அதைத் திருத்திச் செய்ய வேண்டும் என்ற அரிப்பு. உயரே பறக்கும்போது குளிரில் கால் விறைத்துப் போகிறதா? தொடை வரையில் மூடும் ஆட்டுத்தோல் பூட்ஸ் ஒன்றைச் செய்வித்தார். பிரிட்டிஷ் விமானிகள் எல்லாரும் பிற்பாடு அதைத்தான் மாட்டிக்கொண்டு பறந்தார்கள். துப்பாக்கியை விமானத்தின் மூக்கில் வைத்து நேராகச் சுட்டால் சுழலும் விசிறி உடைந்துவிடுமே என்றார்கள். துப்பாக்கியை விசிறிக்கு வெளிப்புறமாகக் குறி போகும்படி பக்கவாட்டில் சாய்த்துக் கட்டினார். விமானம் ஒரு திசையில் போகும், குண்டு வேறொரு கோணத்தில் போகும். குறுக்கே நடந்துகொண்டே கல்லெறிந்து மாங்காய் அடிப்பது போன்ற வித்தை அது.

அந்த விசித்திரமான அமைப்போடு 1915 ஜூலை 25-ந் தேதி மாலை தன்னந்தனியாக மூன்று ஜெர்மன் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்த்தார். முதலாவது தப்பி ஓடியது. இரண்டாவது சேதமடைந்து தரையிறங்கியது. மூன்றாவது சுமார் 10,000 அடி உயரத்தில் தீப்பற்றி விழுந்தது. அதில் இருந்த இருவரும் மாண்டார்கள். இதற்காக ஹாக்கருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆகாயத்தில் விமானத்தோடு விமானம் மோதிய சண்டைக்காக அந்தப் பதக்கம் பெற்ற முதல் மனிதர் அவரே.

விக்டோரியா கிராஸைப் பற்றி நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வீரத்துக்காகப் பிரிட்டிஷ் சர்க்கார் கொடுக்கும் மிக உயர்ந்த பதக்கம் அது. 1856-ல் விக்டோரியா மகாராணி ஏற்படுத்தியது. ஆனால் அதில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. பகைவரிடம் பிடித்த பீரங்கியின் வெண்கலத்தில் வார்ப்பது வழக்கம். பழைய பாத்திரக்காரனிடம் போட்டால் ஒரு வேளைக் காப்பிக்குக் காசு தேறாது. அதன் மதிப்பெல்லாம் பின்புறத்தில் பொறித்திருக்கும் இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது. ஒன்று வீரரின் பெயர்; மற்றொன்று அந்தச் செயல் நடந்த தேதி.

பதக்கம் பெற்ற ஹாக்கர் மேஜர் ஆனார். 24-வது படைப் பிரிவுக்குத் தளபதியும் ஆனார். 1916 பிப்ரவரியில் அந்தப் பிரிவு பிரான்ஸுக்கு வந்து, சோம் நதிக்கு வடக்கே பெர்தாங்கிள் என்ற சிற்றூரில் தங்கியது. இந்த ஊரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இங்கே வர வேண்டியிருக்கும்.

1916 நவம்பர் 23-ந் தேதி ஹாக்கர் பெர்தாங்கிளிலிருந்து கிளம்பினார். தளபதி என்ற ஹோதாவில் அன்றி, காப்டன் ஒருவரின் தலைமையில் பறந்த சிறு அணியில் ஒருவராகவே சென்றார். எதிரே ரிக்தோபெனின் கூட்டம் வந்தது. சற்று நேரத்தில் மற்றவர்கள் சிதறிப் போக, ஹாக்கரும் ரிக்தோபெனும் மட்டும் ஒருவரையொருவர் வட்டமிடத் தொடங்கினார்கள்.

ஹாக்கரின் விமானத்துக்கு 100 குதிரைச் சக்தி, ஒரே துப்பாக்கி. ரிக்தோபெனின் விமானத்துக்கு 160 குதிரைச் சக்தி, இரண்டு துப்பாக்கிகள். ஆனால் சிறு வட்டத்தில் திரும்புவதில் ஹாக்கரின் விமானம் கெட்டிக்காரி. ஆகவே ஒருவர் வாலை ஒருவர் பிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி இருவரும் கீழே இறங்கிக்கொண்டே போனார்கள். நடுவில் ஒரு தடவை ஆங்கிலேயர் தம்மைப் பார்த்து உற்சாகமாகக் கை அசைத்ததாக ரிக்தோபென் எழுதியிருக்கிறார். எதிரியின் முகமும் கையும் தெரியும் தூரம் அது!

அன்று மேல்காற்று பலமாக வீசியது. ஒவ்வொரு வட்டத்துக்கும் காற்று இருவரையும் ஜெர்மானியர் பக்கமே தள்ளிக்கொண்டு போயிற்று. பெட்ரோல் குறைந்தது. இனி இரண்டே வழி: எதிரியின் மண்ணில் இறங்கிக் கைதியாவது, அல்லது உயிரைப் பணயம் வைத்து வீட்டை நோக்கி ஓடுவது. ஹாக்கர் ஓடினார். மரங்களின் உச்சியைத் தொடும் உயரத்தில் நெளிந்து நெளிந்து ஓடினார். ரிக்தோபென் பின்னாலேயே விடாமல் சுட்டார். மொத்தம் 900 தோட்டாக்கள். கடைசியில் ஒரு குண்டு தலையில் பாய்ந்தது. பப்போம் நகருக்குத் தெற்கே ஒரு பண்ணை வீட்டின் அருகில் விமானம் விழுந்தது. தம் படையின் எல்லைக் கோட்டைத் தொட இன்னும் சிறிது தூரமே பாக்கி. இருபத்தாறாவது பிறந்த நாளுக்கும் ஐந்து வாரமே பாக்கி.

ஜெர்மன் சிப்பாய்கள் விமானத்தின் பக்கத்திலேயே அவரைப் புதைத்தார்கள். துப்பாக்கி மட்டும் ஷ்வைட்னிட்ஸுக்குப் பிரயாணமாயிற்று.

ரிக்தோபெனுக்கு வேறு ஒரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு விமானத்தை வீழ்த்தியதும் பெர்லினில் ஒரு நகைக் கடைக்குச் சொல்லி அனுப்பிச் சிறு வெள்ளிக் கிண்ணம் ஒன்று செய்து வாங்குவார். கிண்ணத்தின் மேல் எத்தனையாவது வெற்றி, என்ன விமானம், உள்ளே எத்தனை பேர், என்ன தேதி என்று பொறித்திருக்கும். ஹாக்கர் பதினோராவது கிண்ணம். இப்படி 60 கிண்ணங்கள் சேர்ந்தன. அதற்குப் பிறகு யுத்தப் பஞ்சத்தில் ஜெர்மனியில் வெள்ளி கிடைக்கவில்லை. மட்டமான உலோகத்தில் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னார். ரிக்தோபென் வேண்டாமென்று விட்டார். கடைசி இருபது வெற்றிகளுக்குக் கிண்ணமே இல்லை.

இதைக் கேட்டு நாம் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. நம்முடைய பழைய வேந்தர்களும் பகைவனின் காவல் மரத்தை வெட்டி முரசு செய்து கொண்டவர்கள்தாம். தோற்ற மன்னர்களின் முடிப்பொன்னை உருக்கி மாலையாக அணிந்தவர்களும் உண்டு. வெற்றிக்குச் சாட்சி வேண்டும் என்ற ஆசை எந்தத் தேசத்துக்கும் தனிச் சொத்து அல்ல.

ஆயினும் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதில் என்ன இருக்கிறது என்பதோடு, எதில் என்ன இல்லை என்றும் பார்ப்பான். கிண்ணத்தில் எண் இருக்கிறது, விமானத்தின் ரகம் இருக்கிறது, தேதி இருக்கிறது. செத்தவனின் பெயர் இல்லை. பதக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? அதிலே ஹாக்கரின் பெயர் உண்டு. 1915 ஜூலை மாலையில் தீப்பற்றி விழுந்த அந்த இருவரின் பெயர் அதிலும் இல்லை. இருவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமானால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி ரிக்தோபெனின் முறை. 1918 ஏப்ரல் 21-ந் தேதி, இருபத்தைந்து வயதில், சோம் நதிக் கரையில் அவரும் விழுந்தார். மறுநாள் ஆஸ்திரேலிய விமானப் படையினர் முழு ராணுவ மரியாதையோடு அவரை அடக்கம் செய்தார்கள். எந்த ஊரில் தெரியுமா? பெர்தாங்கிளில்! ஹாக்கர் கடைசியாகக் கிளம்பிய அதே ஊரில்.

எண்களை அறுத்துச் சேர்த்தவரின் விமானத்தையும் அன்று ஞாபகப் பொருள் தேடிய சிப்பாய்கள் துண்டு துண்டாக அறுத்தார்கள். அதன் எஞ்சின் லண்டன் யுத்த மியூஸியத்துக்குப் போயிற்று. உட்கார்ந்திருந்த ஆசனம் கனடாவில் டொரான்டோ நகருக்குப் போயிற்று. கையில் பிடித்திருந்த ஓட்டும் தடி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிறது.

ஹாக்கருக்கோ கல்லறையும் நிலைக்கவில்லை. பிற்பாடு நடந்த சண்டைகளில் அந்த இடமே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. கல்லறை இல்லாத விமானிகளின் பெயர்களைப் பொறித்த அராஸ் நகர நினைவுச் சின்னத்தில் அவர் பெயரும் ஒன்று. ரிக்தோபெனை மட்டும் பெர்தாங்கிளிலிருந்து வேறோர் இடுகாட்டுக்கும், 1925-ல் பெர்லினுக்கும், 1975-ல் வீஸ்பாடன் நகரில் குடும்பக் கல்லறைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ரிக்தோபெனின் தாயார் குனிகுண்டே அம்மாளின் துக்கம் அதோடு முடியவில்லை. விமானியாகவே இருந்த இன்னொரு மகன் லோதாரும் 1922-ல் விமான விபத்தில் இறந்தார். 1933-ல் அந்தத் தாய் தம் வீட்டையே மியூஸியமாக்கித் திறந்து வைத்தார். ஹிட்லர் பதவிக்கு வந்த வருஷம் அது. பழைய வீரனின் பெயர் புதிய எஜமானர்களுக்கு வெகு உபயோகமாக இருந்தது. கூட்டம் வந்து பார்த்தது. கிண்ணங்கள், பதக்கங்கள், எஞ்சின் விளக்கு, வாசலுக்கு மேல் ஹாக்கரின் துப்பாக்கி.

பிறகு இரண்டாம் மகாயுத்தம் வந்தது.

1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தபோது, அங்கே இருந்த ஹாக்கர் குடும்பத்தாரின் உடைமைகளை விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. விட்டு வந்த சாமான்களோடு ஹாக்கரின் விக்டோரியா கிராஸும் போய்விட்டது. ஹாக்கர் உயிரைக் கொடுத்த அதே தேசத்தில், அவருடைய பதக்கமும் மறைந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1945-ன் தொடக்கத்தில், சோவியத் படைகள் சைலீஷியாவுக்குள் நுழைந்தன. வயதான குனிகுண்டே அம்மாள் கைக்குக் கிடைத்ததோடு வீட்டை விட்டு ஓடினார். மியூஸியம் கலைந்தது. வெள்ளிக் கிண்ணங்களும் துப்பாக்கியும் போன இடம் தெரியவில்லை. ஷ்வைட்னிட்ஸே போலந்துக்குச் சொந்தமாகிப் பெயரும் ஸ்விட்னித்ஸா என்று மாறிவிட்டது. அம்மாள் 1962-ல் வீஸ்பாடனில் காலமானார்.

ஜெயித்தவரின் துப்பாக்கியும் தோற்றவரின் பதக்கமும், இரண்டும் ஐந்தே வருஷ இடைவெளியில் காணாமல் போயின. கதையாக நான் எழுதியிருந்தால், 'இவ்வளவு பொருத்தமாக நடக்குமா?' என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1960 பிப்ரவரியில், ஹாக்கரின் தம்பிக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் மாற்றுப் பதக்கம் ஒன்றை வழங்கியது. அந்தத் தம்பியே 1965-ல் அண்ணனின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். மாற்றுப் பதக்கம் பின்னர் லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப் படை மியூஸியத்தைச் சேர்ந்தது. 1967-ல் லாங்பாரிஷ் கிராமத்து மாதா கோவிலில் அவர் நினைவாக வர்ணக் கண்ணாடி ஜன்னல் அமைத்தார்கள். 2011 நவம்பர் 11-ந் தேதி, அவர் விழுந்த இடத்துக்கு அருகே லினி-தில்வா கிராமத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நடுவே ஒரு நினைவுக் கல்லும் எழுந்தது. நம் ஊர் நடுகல்லைப் போலத்தான். உடல் கிடைக்காவிட்டால் என்ன, விழுந்த இடத்தில் ஒரு கல் போதும்.

மாற்றுப் பதக்கம் போலி ஆகுமா என்று யோசித்துப் பார்த்தேன். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கொடுத்த வெண்கலம் அதுவல்ல. ஹாக்கர் கைபட்டதும் அல்ல. ஆனால் அதன் மதிப்பு ஆரம்பத்திலிருந்தே வெண்கலத்தில் இல்லையே! 'இவன் இன்ன நாளில் இன்னது செய்தான்' என்று பிறர் சொன்ன சொல்லில் அல்லவா இருந்தது? சொன்னவர்கள் இருந்தார்கள், ஏட்டில் பதிவு இருந்தது, கேட்பதற்கு ஒரு தம்பி இருந்தார். ஆகவே, 45 வருஷம் கழித்தும் அதே சொல்லைத் திரும்பச் சொல்ல முடிந்தது.

துப்பாக்கியின் விஷயம் அப்படி அல்ல. அது ஒருவர் தாமாகவே எடுத்துக்கொண்ட சாட்சி. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆகவே, தொலைந்த பிறகு திருப்பிக் கொடுக்கவும் எந்தச் சர்க்காராலும் முடியாது. அந்த ஆணிக்கு வேறு எந்தத் துப்பாக்கியை மாட்டினாலும் அது வெறும் துப்பாக்கிதான்.

ஆனால் ஒன்று. மியூஸியத்தைத் திறந்த நாளில் அந்தத் தாய் துப்பாக்கியையும் கிண்ணத்தையும் வெற்றிச் சின்னமாகப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையின் கை பட்ட சாமான் என்றுதான் துடைத்து வைத்திருப்பார். தம்பி கேட்டு வாங்கிய வெண்கலமும் அப்படித்தான். யுத்தம் இருவரிடமிருந்தும் சாமானைப் பிடுங்கியது. அதற்கு முன்பே பிள்ளையையும் அண்ணனையும் பிடுங்கியிருந்தது. அதற்கு மட்டும் எங்கேயும் மாற்று வழங்குவதில்லை.