கட்டைவிரலும் அழுத்தமானியும்

பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்துபார்த்த காற்றடைத்த டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். காற்றை அளக்கும் கருவி அதற்கு முன்பே இருந்தது. பாரிசில் பூர்தோன் 1849இல் வளைகுழாய் அழுத்தமானியைச் செய்திருந்தார். ஆயினும் நம் சைக்கிள் கடைகளில் டயரை அமுக்கிப் பார்க்கும் கட்டைவிரலே அளவுகோலாக நிலைத்தது.

இதை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. நம் சைக்கிள்களில் பரவிய வுட்ஸ் வால்வின் ரப்பர்க் குழாய், நாம் 'வால் டியூப்' என்பது, காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெளியிலிருந்து பொருத்தும் மானிக்கு உள்ளழுத்தம் எட்டுவதேயில்லை. அமெரிக்காவில் 1893இல் காப்புரிமை பெற்ற ஷ்ரேடர் வால்விலோ, நடு ஊசியை மானி அழுத்தியதும் காற்று வெளிவந்து தன் அளவைச் சொல்லிவிடுகிறது.

எனவே, மானி வாங்குமுன் வால்வைப் பாருங்கள். வுட்ஸ் வால்வென்றால், அந்தப் பழைய கட்டைவிரலுக்கு இன்னும் வேலையிருக்கிறது.